14 பிள்ளைக்கு ஒரு டீச்சர்னா போதுமா?

தேரடி: எய்டட், அதாவது அரசு உதவி பெறும் தனியார் பள்ளிக்கூடம்தான் ஊருக்கே பெருமைன்னு நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருந்தார். எரிச்சலா வருது. நம்ம ஒன்றியத் தொடக்கப் பள்ளியில, அதான் அரசுப் பள்ளியில, 28 பிள்ளைக்கு 2 டீச்சர். 14 பேருக்கு ஒருத்தர். எய்டட் நடுநிலைப் பள்ளியில அஞ்சாவது வரைக்கும் 90 பேர், 3 டீச்சர். 30 பேருக்கு ஒருத்தர். எது மேல்?

கம்மாக்கரை: அண்ணே, அந்த 14 பேரும் ஒரே வகுப்பா? அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சர். கட்டாயக் கல்விச் சட்டப்படி 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு பேர்தான். 28 இருந்தாலும் 58 இருந்தாலும் அதேதான். ஒண்ணு, ரெண்டு, மூணு ஒருத்தர் கையில. நாலும் அஞ்சும் தலைமையாசிரியர் கையில. அவர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குக் கிளம்பினா மிச்சம் இருக்குற ஒருத்தருக்கு 28. உங்க 14 எங்க போச்சு?

தேரடி: தினமுமா போறார்? 14ன்னா 14தான்.

கம்மாக்கரை: போகாத அன்னைக்கும் எமிஸ்ல, அதான் கல்வித் துறையோட ஆன்லைன் பதிவுல, வருகை ஏத்தணும், சாப்பாட்டுக் கணக்கு பாக்கணும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடத்தணும். சிக்னல் சுத்திக்கிட்டே இருந்தா முதல் பீரியட் காலி.

மேலக்காடு: அஞ்சு வகுப்புன்னு பயம் காட்டாதீங்க. 2022ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டமே ஒண்ணுலருந்து மூணு வரைக்கும் அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளை கத்துக்கிட்ட நிலை பாத்துத்தான் உக்கார வைக்குது. சேந்து உக்காருறது குறையில்ல.

கம்மாக்கரை: அரும்புக்கு எழுத்து சொல்லித் தர்றப்ப மலர்ல இருக்குற பிள்ளை பயிற்சி நூல தானாத்தான் போடணும். தப்பாப் போட்டா யார் பாக்குறது? ரெண்டாவது கை இல்லாம அந்த முறை ஓடாது.

தேரடி: எய்டட்ல மட்டும் வகுப்புக்கு ஒருத்தரா? அங்கயும் 3 டீச்சர், 5 வகுப்பு. அத ஏன் மறைக்கிறீங்க?

கம்மாக்கரை: மூணுல ஒருத்தர் வெளிய போனா ரெண்டு பேர் இருப்பாங்க. ரெண்டுல ஒருத்தர் போனா? அதச் சொல்லுங்க முதல்ல.

கீழத்தெரு: எய்டட்ல காலைச் சாப்பாடு கிடையாதே.

மேலக்காடு: பழைய கதை. 2024 ஜூலை 15லருந்து கிராமத்து எய்டட் தொடக்க வகுப்புகளுக்கும் உண்டு.

கீழத்தெரு: சரி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத மருத்துவப் படிப்பு இடம்? எய்டட்ல சேத்தா அது போச்சு.

கம்மாக்கரை: தெரிஞ்சு பேசுங்க. ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும், அவ்வளவுதான். அஞ்சு வரைக்கும் எய்டட்ல இருந்தா ஒண்ணும் கெட்டுப்போகாது.

கீழத்தெரு: அஞ்சு முடிச்சதும் டிசி வாங்க யார் வர்றாங்க? எட்டு வரைக்கும் இருக்கேன்னு அங்கயே ஆறுல உக்கார வச்சிடுறாங்க. உங்க தெருக்காரங்க முதல்ல.

கம்மாக்கரை: தெருவ இழுக்காதீங்க.

தேரடி: நான் சொல்றேன். ஆகஸ்ட் 1ல இருக்குற பிள்ளைகள் எண்ணிக்கைய வச்சுத்தான் டீச்சர் பணியிடம் முடிவாகும். 61 பிள்ளை இருந்தா மூணாவது டீச்சர் நம்ம உரிமை. அந்தப் பிள்ளைகள நீங்க எல்லாம் அங்க கொண்டு போய் விட்டுட்டு, இங்க ரெண்டு பேர்தானேன்னு கேக்குறீங்க.

கம்மாக்கரை: 61 ஆகட்டும், நானே வந்து பேசுறேன். 28 இருக்குறப்ப 14னு சொல்லி ஆள் பிடிக்காதீங்க.

தேரடி: 28ஐ ரெண்டால வகுத்தா 14. திரும்பவும் சொல்வேன்.

கம்மாக்கரை: அஞ்சு வகுப்பையும் ரெண்டால வகுத்துப் பாத்துட்டு வாங்க.