பொருள்: தண்டுவட ‘டீகம்ப்ரெஷன்’, திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.
கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கிய நிலையில் வருபவர்களின் உறவினருக்காக ஒரு துண்டறிக்கையை மொழிபெயர்க்கிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. எலும்புத் துண்டையோ பிதுங்கிய ஜவ்வையோ அகற்றித் தண்டுவடத்துக்கு இடம் கொடுக்கும் அறுவையை ‘அழுத்த நீக்கம்’ என்று எழுதியிருந்தேன். முதலில் படித்த அம்மா, “அவருக்குத்தான் பிரஷரே இல்லையே, எதற்கு ஆபரேஷன்?” என்று கேட்டுவிட்டார்.
– மொழிபெயர்ப்பாளர், மதுரை

அன்புடையீர்,
எங்கள் பாடநூல்களில் ‘பிரஷரை’ அமுக்கம் என்போம், ரத்த அழுத்தத்தைக் குருதியமுக்கம் என்போம். ஆகவே ‘அமுக்க நீக்கம்’ என்றாலும் அதே குழப்பம் இங்கே வரும். தண்டுவடத்தை நாங்கள் முண்ணாண் என்கிறோம். முள்ளும் நாணும் சேர்ந்த அழகான சொல். 19ஆம் நூற்றாண்டிலேயே எங்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்திருக்கிறார். அந்த வழக்குகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.
– உயிரியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

ஐயா, அம்மா,
வேரிலிருந்து தொடங்குவோம். அமுங்கு–அமுக்கு, நெருங்கு–நெருக்கு: மெல்லெழுத்து வல்லெழுத்தானால் தன்வினை பிறவினையாகும். இவற்றோடு ‘ஞெமுங்கு–ஞெமுக்கு’ என்ற பழைய இணையும் உண்டு. நாம் நெருக்கம் என்பதை மலையாளத்தார் இன்றும் ஞெருக்கம் என்கிறார்கள். நசுங்கும் பொருளின் வலி அந்த ஞகரத்தில் கேட்கிறது. அமுங்கு என்பதே ஞெமுங்கின் தேய்வு என்பது என் துணிபு. கட்டுண்டதை விடுவிப்பது அவிழ்ப்பு. எனவே ‘ஞெமுக்கவிழ்ப்பு’. ‘சிகிச்சை’ வேண்டாம், அறுவை போதும்.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

ஆசிரியர் ஐயா,
உங்கள் புலமையை வணங்குகிறேன். ஆனால் நள்ளிரவில் ஒப்புதல் தாளோடு நிற்கும் மனைவி ‘ஞெமு’ என்று எழுத்துக்கூட்டக் கூடாது. அடிபட்ட கணத்தில் நேரும் சேதம் ஒன்று. பிறகு வீக்கத்தாலும் ரத்த ஓட்டம் குறைவதாலும் மணிக்கு மணி கூடும் சேதம் வேறு. நாங்கள் தடுக்க முயல்வது இரண்டாவதை. 2012இல் வெளிவந்த ஆய்வில், கழுத்துப் பகுதியில் அடிபட்டு 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் 19.8 சதவீதத்தினர் ஆறு மாதத்தில், உணர்வையும் அசைவையும் மதிப்பிடும் அளவுகோலில் இரண்டு படியாவது தேறினார்கள். தாமதமாகச் செய்யப்பட்டவர்களில் அது 8.8 சதவீதம். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வன்று என்ற குறை உண்டு. ஆனாலும் 2021இல் 1,500க்கும் மேற்பட்டோரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் முதல் நாளே முக்கியம் என்று தெரிந்தது. ‘நெருக்கு நீக்கம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நெருக்கடியை அறிந்தவர்களுக்கு அது புரியும்.
– நரம்பியல் அறுவை மருத்துவர், கோவை

மருத்துவரே,
அப்படியானால் அவசரம் சொல்லிலேயே ஒலிக்க வேண்டாமா? ‘விரை நெருக்கு நீக்கம்’ என்றால் என்ன?
– தஞ்சாவூர்

வேண்டாம் ஐயா. மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டாலும் இதே சொல்தான். பெரும்பாலும் அங்கே வாரக்கணக்கில் பொறுத்துப் பார்க்கலாம். இடுப்புக்குக் கீழே இறங்கும் நரம்புக்கற்றை நெருக்கப்பட்டு, சிறுநீர் அடைத்து, குதிரையேறினால் சேணம் படும் இடமெல்லாம் மரத்துப்போனால் ஒரு பொழுதும் தாமதிக்கக் கூடாது.
– கோவை

அந்தக் கற்றைக்கு லத்தீனில் ‘குதிரை வால்’ என்றுதானே பெயர்? வாலுக்கே சேணமா! அதற்கு ‘வாற்கற்றை’ என்று…
– தஞ்சாவூர்

ஐயா, வாற்கற்றைக்குத் தனி இழை தொடங்குங்கள், கட்டாயம் வருகிறேன். இப்போதைக்குத் தலைப்பில் ‘நெருக்கு நீக்க அறுவை’. கீழே, “தண்டுவடத்தை நெருக்கும் எலும்பை அகற்றுவது, இது ரத்த அழுத்தத்துக்கான அறுவை அன்று, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள்” என்று போடுகிறேன். நால்வர் ஒப்பியிருக்கிறார்கள்.
– மதுரை

மூவர்தான். ‘நெருக்கு’ ஏவல்வினை போல நிற்கிறது. ‘நெருக்கல் நீக்கம்’ என்றால் இலக்கணமும் காக்கப்படும். முண்ணாணையும் அடைப்புக்குறிக்குள்ளாவது சேருங்கள். எங்கள் பக்கத்து உறவினரும் அதைப் படிப்பார்கள்.
– யாழ்ப்பாணம்