‘பேக் ஷாட்’ தமிழில் என்ன? – இசை ஆல்ப விளம்பரச் சொற்கள்

> பேக் ஷாட் = உறைப்படம். எளிமையான சொல், விளக்கம் தேவையில்லை. இதையே வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாமே?

ஐயா, வணக்கம்.

‘வாங்க வேண்டிய பொருள் இதுதான்’ என்று காட்ட விளம்பரத்தில் சின்னதாக வைக்கிற படத்தைத்தான் பேக் ஷாட் (pack shot) என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் அதற்கு நீங்கள் சொன்ன உறைப்படம் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: “இந்த விளம்பரத்தில் உறைப்படம் கிடையாது, ஆல்பத்தின் உறையே பக்கம் முழுக்க இருக்கிறது.” பத்திரிகை விளம்பரம் வடிவமைப்பவர்கள் சாதாரணமாகச் சொல்லக்கூடிய வாக்கியம் இது. உறை இருக்கிறதாம், உறைப்படம் இல்லையாம். கேட்பவர் என்ன நினைப்பார்?

ஆல்பத்தின் உறை விளம்பரத்துக்குள் வந்ததும் இரண்டு வேலைகளில் ஏதோ ஒன்றைச் செய்கிறது. பக்கத்தைப் புரட்டுகிறவரை நிறுத்துவது ஒன்று. ‘கடையில் நீங்கள் தேட வேண்டிய பொருள் இப்படித்தான் இருக்கும்’ என்று காட்டிக்கொடுப்பது இன்னொன்று. முதல் வேலையைச் செய்தால் அது முதன்மைப்படம். இரண்டாவதைச் செய்யும்போதுதான் பேக் ஷாட். ஓவியம் ஒன்று, பதவி இரண்டு. நமக்கு வேண்டியது பதவியின் பெயர்.

பக்க அமைப்பை வைத்துச் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஆல்பத்தின் உறை சதுரம். பத்திரிகைப் பக்கம் நெட்டை. ஏ4 பக்கத்தின் அகலம் 210 மி.மீ., உயரம் 297 மி.மீ. உறையை முழு அகலத்துக்கும் பரப்பினால் 210-க்கு 210 போய்விடும். மிச்சம் 87 மி.மீ. உயரத்தில் ஒரு பட்டை. கலைஞர் பெயர், ஆல்பத்தின் பெயர், வெளியீட்டுத் தேதி, விமர்சகர்கள் தந்த நட்சத்திரங்கள், ‘இன்ன ஹிட் பாடல் அடங்கியது’ என்ற வரி, நிறுவன முத்திரை, இணைய முகவரி எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். ஆல்ப விளம்பரங்கள் பலவும் மேலே படம், கீழே எழுத்து என்று ஒரே சாயலில் இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இந்த வகையில் தனியாக ஒரு பேக் ஷாட் வைக்க இடமும் இல்லை, தேவையும் இல்லை.

இன்னொரு வகையில் கலைஞரின் புகைப்படம் பக்கத்தை நிறைத்துவிடும். உறை கீழ் மூலைக்குப் போய்விடும். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று படித்துப் பழகிய கண் கடைசியாக வந்து நிற்கிற இடம் கீழ் வலது மூலை என்பதால் பெரும்பாலும் அங்கேதான். அளவு சின்னது. சில சமயம் லேசாகச் சாய்த்து, பெட்டியின் முதுகு தெரியும்படி, அடியில் கொஞ்சம் நிழலும் போட்டிருப்பார்கள். நிழல் எதற்கு? இது வெறும் ஓவியம் அல்ல, கையில் எடுக்கக்கூடிய பொருள் என்று சொல்வதற்கு. நாம் பெயர் தேடுகிற ஆசாமி இவர்தான்.

> அட்டைப்படம் என்றே சொல்லலாமே. பத்திரிகைக்காரர்களுக்குப் பழகிய சொல்.

பழகிய சொல் என்பதுதான் சிக்கல். விளம்பரம் வருவதே பத்திரிகையில். “அட்டைப்படத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்” என்றால் பத்திரிகையின் அட்டையைத்தான் தொடுவார்கள்.

பொதிப்படம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பேக் என்பதற்குப் பொதி. சரிதான், ஆனால் பொதி என்றதும் சுமக்கிற கழுதையும் கூடவே வந்துவிடுகிறது. சரக்குப்படத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. முன்மொழிந்தவரே சிரிப்புக் குறி போட்டிருக்கிறார். அடையாளப்படம் கிட்டத்தட்ட வந்துவிட்டது, வேலையைச் சொல்கிறது. ஆனால் அடையாள அட்டையில் ஒட்டுகிற முகப்படம் குறுக்கே வருகிறது.

என் முன்மொழிவு: உறைகாட்டி.

நாள்காட்டி, திசைகாட்டி, வழிகாட்டி என்ற வரிசையில் இது உட்காரும். படம் என்று சொல்லாமல் காட்டுகிற வேலையைச் சொல்கிறது. முதலில் சொன்ன வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: “இந்த விளம்பரத்தில் உறைகாட்டி கிடையாது, உறையே பக்கம் முழுக்க இருக்கிறது.” முரண் போய்விட்டது. (உறைக்காட்டி என்று ஒற்று மிகாது. உறையைக் காட்டுவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை. திசைகாட்டிக்கு இல்லாத ‘க்’ இதற்கு மட்டும் எதற்கு?)

காட்டுகிற வேலைக்கு இவ்வளவு அழுத்தம் தருவது ஏன் என்றால், உறையில் காட்ட ஏதாவது இருந்தால்தான் இந்தச் சின்னப் படத்துக்கே வேலை. ஆல்பம் என்ற பெயர், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளைப் பக்கம் பக்கமாகச் செருகி வைத்த, புகைப்பட ஆல்பம் போன்ற கனமான புத்தகத்திலிருந்து வந்தது. அவற்றின் அட்டை பெரும்பாலும் மொட்டையாக இருக்கும், பெயர் மட்டும் பொறித்திருப்பார்கள். 1930களின் கடைசியில் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் ஆல்பங்களுக்கு ஓவிய உறை போடத் தொடங்கினார். 1948-ல் அதே நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டைக் கொண்டுவந்தபோது 12 அங்குலத் தட்டின் உறை ஒரு சின்னச் சுவரொட்டி அளவுக்கு இடம் கொடுத்தது. அதற்குப் பிறகு உறையைப் பார்த்தே ஆல்பத்தைக் கண்டுபிடிக்கலாம் என்றாகிவிட்டது. எல்லா அட்டையும் ஒன்றுபோல இருந்த காலத்தில் விளம்பரத்தில் அட்டையைக் காட்டி என்ன பயன்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1971-ல் லெட் செப்பெலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் நான்காவது ஆல்பம் வந்தது. உறையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. இந்த ஆல்பத்துக்காக உறுப்பினர் நால்வரும் ஆளுக்கொரு குறியீடு வைத்துக்கொண்டார்கள். வெளியீட்டுக்கு முன்பே அந்தக் குறியீடுகளை இசைப் பத்திரிகைகளில் விளம்பரமாகப் போட்டார்கள். 1973-ல் வந்த, பிங்க் ஃபிளாய்டு என்ற இன்னொரு பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தின் முன்பக்கத்தில் முப்பட்டகமும் ஒளிக்கதிரும்தான். அதிலும் பெயர் கிடையாது. உறை வாய் திறக்காத இடத்தில், பெயரையும் உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இதுதான் அது’ என்று சேர்த்துக் காட்டுவது விளம்பரத்தின் பொறுப்பாகிறது. உறைகாட்டி என்ற சொல்லை நான் பிடித்துத் தொங்குவது இதனால்தான்.

மற்ற சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விமர்சனத்திலிருந்து உருவியெடுத்த ஒற்றை வரிக்குப் ‘பாராட்டுத் துணுக்கு’ எனக்குச் சம்மதம். மூன்று புள்ளி வைத்து நடுவில் எதையெல்லாம் முழுங்கியிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். முத்திரைகளும் முகவரிகளும் வரிசைகட்டி நிற்கிற கடைசிப் பகுதி ‘அடிப்பட்டை’. இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

---

> என் முன்மொழிவு: உறைகாட்டி.

தம்பி,

வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிற சோதனை பிடித்திருக்கிறது. உறைப்படத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், முழு மனதோடு இல்லை. இரண்டு ஐயங்கள்.

ஒன்று, இப்போது வருகிற எல்பி விளம்பரங்களில் தட்டு உறையிலிருந்து பாதி வெளியே எட்டிப் பார்க்கிறது. சிவப்புத் தட்டு, பளிங்குக் கோலமிட்ட தட்டு என்று நிறத்தைக் காட்டுவதற்காகவே அப்படி வைக்கிறார்கள். பக்கத்திலேயே குறுந்தட்டு, கேசட் எல்லாம் அணிவகுத்து நிற்கும். இதில் உறை எங்கே, உள்ளே இருப்பது எங்கே? உறைகாட்டி பாதியைத்தானே சொல்கிறது?

இரண்டு, சோப்பு விளம்பரக்காரரும் பேக் ஷாட் என்கிறார். கார் விளம்பரக்காரரும் என்கிறார். காருக்கு ஏது உறை?

பொருட்காட்சி என்று ஒரு கணம் யோசித்தேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே பெரிய கூட்டமே கூடுகிறது, விட்டுவிட்டேன்.

---

ஐயா,

முதல் ஐயத்துக்கு நாள்காட்டியையே சாட்சிக்கு அழைக்கிறேன். அது மாதத்தையும் காட்டுகிறது, பண்டிகையையும் காட்டுகிறது, ராகுகாலத்தையும் காட்டுகிறது. பெயர் நாள்காட்டிதான், யாரும் குறை சொல்வதில்லை. தட்டு எட்டிப் பார்த்தாலும், கேசட் கூட நின்றாலும், வாங்குகிறவர் முதலில் அடையாளம் பிடிப்பது உறையைத்தான். வடிவங்கள் பல சேர்ந்து நிற்கும் அமைப்புக்கு ‘உறைகாட்டி வரிசை’ என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதைவிடக் கடினமான ஒரு கேள்வியை நீங்கள் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். செயலியில் பாட்டுக் கேட்கிறவருக்கு உறை என்று ஒரு பொருளே கிடையாது. ஆனால் அங்கேயும் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு சதுரப் படம் இருக்கிறது, விரல் நகத்தளவில். விளம்பரத்தில் பார்த்த சதுரத்தைத்தான் திரையிலும் தேடுகிறார்கள். காகிதம் போனாலும் உறையின் உத்தியோகம் போகவில்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது: 12 அங்குலத்தில் படிக்க முடிந்த மெல்லிய எழுத்து, விளம்பர மூலையிலும் கைபேசியிலும் தூசியாகிவிடும். அதனால் உறையைச் சின்னதாக்கிப் பார்த்து, அப்போதும் அடையாளம் தெரிகிறதா என்று சோதித்த பிறகே அனுப்புவது நல்லது. ‘உறைகாட்டி அளவில் சோதிக்கவும்’ என்று ஒரு குறிப்பு எழுத இந்தச் சொல் வசதியாகவே இருக்கிறது.

சோப்பும் காரும் பொது விளம்பரச் சொற்பட்டியலில் வரட்டும். பேக் ஷாட் என்ற ஒரே சொல் அங்கே ஓடுகிறது என்பதற்காக நாமும் ஒரே சொல்லில் அடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. இசைப் பகுதிக்கு இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்:

உறைகாட்டி – ஆல்ப விளம்பரத்தில், முதன்மைப்படத்திலிருந்து தனியாக, வாங்குவோர் அடையாளம் காண்பதற்காகச் சிறிய அளவில் வைக்கப்படும் உறையின் படம். உறையே முதன்மைப்படமாக இருந்தால் இச்சொல் பொருந்தாது.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அடுத்து ‘அவுட் நவ்’. இதற்கு ஒரு சொல் போதாது என்பது என் கட்சி. வெளியீட்டுக்கு முன் வரும் விளம்பரத்தில் தேதி இருக்கும், பின்னால் வருவதில் ‘வெளிவந்துவிட்டது’ என்றிருக்கும். விளம்பரம் இரண்டும் அநேகமாக அச்சு அசலாக ஒன்றுதான், அந்த வரி மட்டும் மாறும். முன்பெல்லாம் வெளியீட்டுக் கிழமை நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய். 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்கப் பொதுவாக வெள்ளி என்று ஆனது. மாறுகிற அந்த இடத்துக்கு ‘வெளியீட்டு வரி’ என்று ஒரு பொதுப்பெயரும், அதில் வரும் வாசகங்களுக்குத் தனித்தனிச் சொல்லும் வைக்கலாமா? ‘இப்போது கடைகளில்’ என்பது எனக்கு ஒட்டவில்லை. நீங்கள் தொடங்குங்கள் ஐயா.