இறால் தொட்டியில் இன்னும் மனதை விட்டுப் போகாத அந்த ஒரு தருணம்

வேளச்சேரி_வாசி

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இரண்டடித் தொட்டி, சிவப்புச் செர்ரி இறால், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு மூலை முழுக்க ஜாவா மாஸ் என்ற பாசிச் செடி. கொளத்தூர் மீன் கடையில் பத்து வாங்கி விட்டது எட்டு மாதத்தில் எழுபதைத் தாண்டியிருந்தது. முதலில் வாங்கிய பத்தில் ஒரு பெண் மட்டும் மிச்சம். மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது, மிளகாய் வற்றல் நிறம். அது சினையாக இருந்தது.

இந்தக் கோடையில் மெட்ரோ தண்ணீர் வராத வாரம் ஒன்று வந்தது. லாரித் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போகட்டும் என்று இரண்டு நாள் வாளியில் திறந்து வைத்து, பாதித் தொட்டி மாற்றினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு அது மாஸ் மேல் ஒருக்களித்துக் கிடந்தது. தலை ஓட்டுக்கும் உடம்புக்கும் நடுவே முழுச் சுற்றாக வெள்ளைக் கோடு. ஓடு கழற்றும்போது சிக்கிக்கொண்டால் வரும் வளையம், வந்தால் பிழைப்பது அரிது. நடக்கும் கால்கள் நின்றுவிட்டன. வயிற்றுக்கு அடியில் இருக்கும் துடுப்புக் கால்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் அப்படியே விசிறியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

நின்றதும் எடுத்து வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் வைத்தேன். ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கரும்புள்ளிகள். கண்கள். அதைப் பார்த்த பிறகு எப்படித் தூக்கி எறிவது? பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன், 23 முட்டைகள். பிளாஸ்டிக் டீ வடிகட்டியில் போட்டு, கீழே ஏர் ஸ்டோனை வைத்து, குமிழி மெதுவாகப் புரட்டிக்கொண்டே இருக்கும்படி தொட்டியிலேயே கட்டிவிட்டேன். பஞ்சு போலப் பூஞ்சை பிடித்ததைத் தினமும் எடுத்தேன். ஆறாம் நாள் 4 குஞ்சுகள். கண்ணிமை முடி அளவு, ஆனால் மீசை உட்பட முழு இறால்.

நான்கு பிழைத்ததில் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த அரை மணி நேரம் மறக்கவில்லை. உங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

இரவுக்கண்

அக்கா, படித்துவிட்டு நானும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

கோவை. நீல இறால், அறுபதுக்கு மேல், கூடவே நான்கு கப்பி மீன். எங்கள் அக்கா கைக்குழந்தையோடு வந்திருந்தார். கொசுத் தொல்லை. தொட்டிக்குப் பக்கத்துப் பிளக்கில் கொசு மருந்து மெஷினைப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார். ஏர் பம்ப் அந்த அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகிறது, அது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து டார்ச் அடித்தேன். எப்போதும் தரையை மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் முழுக்க மேலே, பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக மல்லாந்து விழுந்தன. கால்கள் மட்டும் துடித்தன. கப்பிகள் அவற்றுக்கு நடுவே சாதாரணமாக நீந்திக்கொண்டிருந்தன. கைக்குக் கிடைத்ததை வலையில் அள்ளி மொட்டை மாடிச் செடித்தொட்டித் தண்ணீரில் விட்டேன். மூன்று பிழைத்தது.

காலையில் அக்கா கேட்டார், "என்னடா, தொட்டி காலியா இருக்கு?" ஃபில்டர் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் தாங்க மாட்டார்.

பாசிக்காடு

வேளச்சேரி, மன்னிக்கவும், லாரித் தண்ணீர் மேல் பழி போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெள்ளை வளையம் என்றால் ஓடு சரியாகக் கழலவில்லை என்று அர்த்தம். ஓடு கழலவில்லை என்றால் சத்துக் குறை. அதுவும் சினை இறால். என் தொட்டியிலும் ஒரு முறை இப்படி ஆனது, கால்சியம் கொடுத்தேன், நின்றது. என் கதை அவ்வளவுதான்.

தீனி பற்றி இங்கே பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதால் சொல்கிறேன். இறாலுக்கு முதல் சாப்பாடு நாம் போடுவது இல்லை. கல், இலை, ஸ்பாஞ்ச் எல்லாவற்றின் மேலும் வழவழவென்று படிகிறதே, அந்தப் படலம்தான். புதுத் தொட்டியில் அது கிடையாது. அதனால்தான் தொட்டி வைத்து ஒரு வாரத்தில் இறால் விடுகிறவர்களுக்குக் குஞ்சு தங்குவதில்லை. குஞ்சு தீனி இருக்கும் இடத்துக்கு நடந்து வராது. பிறந்த இடத்திலேயே மாஸுக்குள் உட்கார்ந்து சாப்பிடும். அதற்கு அந்தப் படலம் அங்கேயே இருக்க வேண்டும். பொடித்த தீனியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு தூவலாம், அவ்வளவுதான்.

பாதாம் மரத்து இலை, தானாக உதிர்ந்து பழுப்பானது, சாலையோரப் புகை படாத மரத்திலிருந்து எடுங்கள். கழுவி, மூழ்கும் வரை ஊறவைத்துப் போடுங்கள். இரண்டு வாரத்தில் சதையை மட்டும் தின்றுவிட்டு நரம்பை வலை மாதிரி விட்டுவைக்கும். அதைத் தூக்கி எறியாதீர்கள், அதன் மேல்தான் குஞ்சு மேயும். முருங்கை இலை வீட்டு மரத்தில் இருந்தால் மிகவும் நல்லது. சந்தைக் கீரை என்றால் எனக்குப் பயம், பூச்சிமருந்து. ஒரு கட்டுக் கீரையில் மொத்தத் தொட்டியும் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். போட்டே ஆக வேண்டும் என்றால் ஊறவைத்து, நாலைந்து தடவை அலசி, வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, ஒரே ஒரு இலை. மூன்று மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்கக் கிடந்தால் காலையில் கண்ணாடியில் வெள்ளைப் புழு ஊர்ந்துகொண்டிருக்கும், தலை முக்கோணமாக இருந்தால் பிளனேரியா என்ற தட்டைப்புழு, அதை ஒழிப்பது பெரும்பாடு. வாரத்தில் ஒரு நாள் புரதம் போதும். இரண்டு நாள் பட்டினி போட்டால் ஒன்றும் ஆகாது. கழற்றிய ஓட்டை எடுக்காதீர்கள், அவையே தின்றுவிடும். கூடவே முட்டை ஓட்டை வேகவைத்துப் பொடித்துப் போடுங்கள். இதைச் செய்திருந்தால் அந்த இறால் இருந்திருக்கும்.

தாமிரபரணிக்காரன்

பாசிக்காடு அண்ணே, கீரை விஷயத்தில் நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. முட்டை ஓட்டை ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் ஊர் போர் தண்ணீர் பிடித்த வாளியைப் பாருங்கள், விளிம்பில் வெள்ளைப் பொருக்கு. அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புக்கு என்ன குறை? கடினத் தண்ணீரில் முட்டை ஓடு கரையவும் கரையாது, கிடந்த இடத்தில் கிடக்கும். ஆர்ஓ தண்ணீரை அப்படியே ஊற்றுகிறவர்களுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். அந்த அக்கா ஊற்றியது லாரித் தண்ணீர். கடைசி வரி வேண்டாம் அண்ணே. அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் அப்படிச் சொல்லக் கூடாது.

என் கதை சாவு இல்லை. இடம் போதாமல் சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றையும் ஒரே தொட்டியில் போட்டேன். மூன்றும் ஒரே இனம், நிறம் மட்டும் மனிதன் பிரித்துப் பிரித்து வளர்த்தது. மூன்றாம் தலைமுறையில் தொட்டி முழுக்கப் பழுப்பும் கண்ணாடி நிறமுமாக ஆகிவிட்டது. விற்கவும் முடியாது, கொடுத்தால் வாங்கவும் ஆள் இல்லை. கலைத்துவிடலாம் என்று இருந்தேன்.

ஆச்சி ஊரிலிருந்து வந்திருந்தார். அவருக்குப் பார்வை மங்கல். மூக்கு தொட்டிக் கண்ணாடியில் முட்டும் அளவுக்கு நெருங்கிப் பார்த்துவிட்டு, "ஏல, இது நம்ம ஆத்துக் கூனில்லா! இதை எங்கருந்துல புடிச்ச?" என்றார். சின்ன வயதில் படித்துறைப் புல்லுக்குள் துணியை விரித்துக் கூனி அள்ளுவார்களாம். நம் ஆறுகளிலும் இந்தக் குடும்பத்து நன்னீர் இறால்கள் உண்டு. வேறு இனம், ஆனால் கையில் எடுத்தால் ஆச்சிக்கு வித்தியாசம் தெரியாது. சிவப்பாக இருந்தபோது ஒரு நாளும் அந்தத் தொட்டிப் பக்கம் வராதவர், அன்று மதியம் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் ஓடு கழற்றியதும் ஆண்கள் எல்லாம் பித்துப் பிடித்தது மாதிரி தொட்டி முழுக்கப் பறந்தன. "மாப்பிள்ளைக் கூட்டம்" என்று சிரித்தார்.

தொட்டியைக் கலைக்கவில்லை.

சொம்பு

இறாலுக்கு விஷமான தாமிரம் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. அப்பா தினமும் காலையில் செம்புச் சொம்பில் ராத்திரி வைத்த தண்ணீர் குடிப்பார். எனக்குத் தெரியாமல் தொட்டிக்கும் ஒரு டம்ளர் ஊற்றியிருக்கிறார், "நமக்கு நல்லதுன்னா அதுக்கும் நல்லதுதானே" என்று. தண்ணீர் ஆவியாகப் போகும், செம்பு போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும். ஒன்றரை மாதத்தில் நாற்பது இறால் ஐந்தாகக் குறைந்தது. மீனுக்குப் போடும் வெள்ளைப்புள்ளி நோய் மருந்து முதல் செடி உரம் வரை லேபிளில் காப்பர் தேடித் தேடிப் பார்த்தவன் நான், வீட்டுக்குள் பார்க்கவில்லை.

காரணம் தெரிந்ததும் சொன்னேன், கோபமாகத்தான் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. இப்போதும் காலையில் சொம்போடு தொட்டி முன்னால் வந்து நிற்பார். பார்ப்பார். குடித்துவிட்டுப் போவார். அந்தக் கோபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் தேவலை.

குமரித்துறை

என்னுடையது அமானோ. ஜப்பானில் தகாஷி அமானோ 1980களில் செடித் தொட்டிகளில் பாசி தின்ன விட்டுப் பிரபலமாக்கிய அதே இறால். செர்ரிக்கு இருபது முப்பது முட்டை, பெரியது, குஞ்சு முழு உருவத்தோடு வரும். அமானோவுக்கு ஆயிரத்துக்கு மேல், கடுகை விடச் சிறியது. வருவது குஞ்சு இல்லை, தலைகீழாகத் தொங்கும் தூசி. ஆற்றில் பொரிந்து, நீரோட்டத்தில் கடலுக்குப் போய், அங்கே வளர்ந்து, திரும்பவும் ஆற்றுக்கு ஏறும் உயிர். நன்னீரில் சில நாளுக்கு மேல் தாங்காது.

எங்களுக்குக் கடல் கூப்பிடு தூரம். முதல் தடவை இரவில் விளக்கை அணைத்து, கண்ணாடி ஓரத்தில் டார்ச்சை வைத்தேன். தொட்டியில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடத்தில் வெளிச்சத்தைச் சுற்றிப் புகை மாதிரி திரண்டு வந்தது. அத்தனையும் உயிர். குழாயால் உறிஞ்சிக் கடல் தண்ணீர் வாளிக்கு மாற்றினேன். வெயிலில் வைத்துப் பாசியால் பச்சையான தண்ணீரைத் தீனியாக விட்டேன். முதல் முறை பத்து நாளில் எல்லாம் போனது, அந்தப் பாசித் தண்ணீர் தீர்ந்துபோன இரண்டு நாளில். இரண்டாம் முறை தீனித் தண்ணீரை மூன்று பாட்டிலில் தனித்தனியாக வளர்த்துவைத்தேன். நாற்பத்தோராம் நாள் ஒன்று வாளிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. தலைகீழாகத் தொங்கவில்லை, நேராக நின்றது. அன்றிலிருந்து உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நன்னீருக்குக் கொண்டுவந்தேன். ஆயிரத்தில் ஆறு வந்தன. அந்த முதலாவது சுவரைப் பிடித்த இடம் இன்னும் எனக்குத் தெரியும், வாளியின் கைப்பிடிக்குக் கீழே இரண்டு விரல்.

பாசிக்காடு

தாமிரபரணி சொன்னது சரி. கடைசி வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. வேளச்சேரி, மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன், அன்றைக்கு டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, பார்த்தீர்களா?

வேளச்சேரி_வாசி

மன்னிப்பெல்லாம் வேண்டாம் அண்ணா. அன்றைக்குப் பார்க்கவில்லை, மீட்டரே கிடையாது. இரண்டு நாள் கழித்து ஒரு நண்பரிடம் வாங்கி வாளியில் மிச்சமிருந்த லாரித் தண்ணீரைப் பார்த்தேன், 740. மழைக்காலத்தில் மெட்ரோ தண்ணீர் 200க்குப் பக்கத்தில் இருந்தது. எட்டு மாதம் அதில் இருந்ததற்கு ஒரே மதியத்தில் பாதித் தண்ணீர் அப்படி. ஓடு கழற்ற இன்னும் நாள் இருந்ததை அது அவசரப்படுத்திவிட்டது என்றுதான் நினைக்கிறேன். சத்துக் குறை என்றால் மற்றவையும் அதே தீனிதானே தின்றன? அந்த வாரம் இன்னும் ஐந்து போனது, எல்லாம் பெரியவை. சின்னவை தாங்கிக்கொண்டன. 740லேயே பிறந்து வளர்ந்த இறால் நன்றாகத்தான் இருக்கும். எண் பெரியது என்பதை விட, ஒரே நாளில் மாறியதுதான் கொன்றது.

இரவுக்கண் தம்பி, அக்காவிடம் சொல்ல வேண்டாம். குழந்தையைக் கொசு கடிக்காமல் இருந்ததே, அது போதும். சொம்பு, உங்கள் அப்பாவிடம் தீனி போடும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். காலையில் ஒரு துணுக்குப் பாதாம் இலை, அவர் கையாலேயே.

இப்போது பக்கெட்டால் ஊற்றுவது கிடையாது. சலைன் போடும் குழாயைத் தொட்டி மேல் தொங்கவிட்டிருக்கிறேன், ஒரு லிட்டர் சொட்டுச் சொட்டாக இறங்க மூன்று மணி நேரம் ஆகிறது.

அந்த நான்கையும் தனியாகச் சின்னத் தொட்டியில் வளர்த்தேன். மூன்று வெளிறிய சிவப்பு. ஒன்று மட்டும் அம்மா மாதிரி மிளகாய் வற்றல். நேற்று ராத்திரி முருங்கை இலை மேல் ஏறி உட்கார்ந்திருந்தபோது பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். தலைக்குப் பின்னால், முதுகில், மஞ்சளாக ஒரு திட்டு. சினைப் பிடிக்கத் தயார்.