நடந்துக்கிட்டே இருக்கும்போது பேச்சுக்குடுத்தா அப்பத்தா நின்னுடுறாங்க, இது வெறும் வயசுதானா?

சோழவந்தான் பேரன்:
எங்க அப்பத்தாவுக்கு 78 வயசு. போன சித்திரை வரைக்கும் தனியா கடைத்தெருவுக்குப் போயி வெத்தலை வாங்கிட்டு வந்தவங்க, இப்ப மூணு மாசமா பாக்குறேன், வாசல்ல நடந்து வர்றப்ப "அப்பத்தா சாப்ட்டியா"ன்னு கேட்டா நின்னு பதில் சொல்லிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கிறாங்க. போன வாரம் பாத்ரூம் படியில விழுந்துட்டாங்க, நல்லவேளை சிராய்ப்போட போச்சு. அதுலருந்து அப்பா "நீ எதுக்கும் எந்திரிக்காத ஆத்தா, எல்லாம் கொண்டாந்து தர்றோம்"னு கட்டில்லயே உக்கார வச்சிட்டாரு. பயந்துதான் சொல்றாரு, ஆனா எனக்கு மனசு கேக்கல. பேச்சுக்கும் நடைக்கும் சம்பந்தம் உண்டா, மறதி வியாதியோட ஆரம்பமா இருக்குமா?

பிசியோ தல்லாகுளம்:
தம்பி, நல்லா கவனிச்சிருக்கீங்க. நீங்க பாத்த இதையேதான் ஸ்வீடன்ல முதியோர் இல்லத்துல இருந்த 58 பேர்கிட்ட பாத்தாங்க, 1997ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. நடக்கும்போது பேச்சுக்குடுத்தப்ப 12 பேர் நின்னாங்க, அந்த 12ல 10 பேர் ஆறு மாசத்துக்குள்ள விழுந்திருக்காங்க. நிக்காதவங்கள்லயும் 11 பேர் விழுந்தாங்க, அதனால நிக்கலைன்னா பயமில்லைன்னு அர்த்தமில்ல. நமக்கெல்லாம் நடை தன்னால நடக்குது, வயசானா காலு, கண்ணு, உள்காது மூணும் அனுப்புற தகவல் மங்கிப்போயி மூளை ஒவ்வொரு அடியையும் யோசிச்சு வைக்க வேண்டியிருக்கு, அந்த நேரத்துல பேச்சும் சேந்தா ரெண்டுல ஒண்ண விட்டுடும். இத மட்டும் வச்சு மறதி வியாதின்னு சொல்ல முடியாது. சுகர்ல பாதம் மரத்துப்போறது, பி12 குறைவு, எந்திரிச்சதும் பிரஷர் இறங்குறது, தூக்க மாத்திரை, பார்க்கின்சன்னு எதுவா வேணா இருக்கலாம், டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். வீட்ல ஒண்ணு பாருங்க: நாற்காலியிலருந்து எந்திரிச்சு 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்காரட்டும், பக்கத்துலயே ஒருத்தர் நில்லுங்க. 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா கவனிக்கணும்.

மேலூர் அக்கா:
தம்பி, அப்பாகிட்ட இத அப்படியே படிச்சுக் காட்டுங்க. எங்க அத்தையையும் நாங்க இப்படித்தான் பாசத்துல உக்கார வச்சோம், தண்ணி சொம்பு கூட கைக்கே போச்சு, மூணே மாசத்துல பிடிக்காம எந்திரிக்க முடியல, தொடை ரெண்டும் கரைஞ்சு போச்சு. பேச ஆளில்லாம பொழுதெல்லாம் சுவத்தப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, அது இன்னைக்கும் எனக்கு உறுத்துது. கண்ண வேற நாங்க பாக்கவே இல்ல, ரெண்டு கண்ணுலயும் புரை இருந்திருக்கு.

உசிலம்பட்டி மாமா:
வெளிநாட்டு ஆராய்ச்சி நமக்கு ஒத்து வருமாப்பா? நம்மாளுக காலம்பூரா தரையில உக்காந்து எந்திரிச்சவுக.

பிசியோ தல்லாகுளம்:
மாமா, நீங்க சொல்ற அந்தப் பழக்கந்தான் மருந்தே, வயசானதும் நாமதான் அத நிப்பாட்டிடுறோம். 2019ல 25 நாட்டு ஆய்வுகள் 108ஐ சேத்துப் பாத்தாங்க, பயிற்சி செஞ்சவங்களுக்கு விழுறது 23 சதவீதம் கொறைஞ்சிருக்கு. அதுலயும் பேலன்ஸ் பயிற்சி முக்கியம். அக்கா சொன்ன கண்ணும் அப்படித்தான், இங்கிலாந்துல 70 தாண்டின பொம்பளைங்களுக்கு முதல் கண்ணுல புரை எடுத்ததுக்கே விழுறது மூணுல ஒரு பங்கு கொறைஞ்சுச்சு. 1976லருந்து அரவிந்த் கண் ஆஸ்பத்திரி நம்ம மதுரையிலயே இருக்கு, தள்ளிப்போடாதீங்க. இன்னொண்ணு தம்பி, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க தலையில அடிபட்டு விழுந்தா, வெளிய காயமே இல்லைன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

சோழவந்தான் பேரன்:
டேப் வச்சு அளந்து பாத்தோம், 19 செகண்ட். அப்புறம் 20லருந்து பின்னால எண்ணிக்கிட்டே நடக்கச் சொன்னேன், 27 ஆயிடுச்சு, பாதியில எண்ணுறதையே விட்டுட்டாங்க. வாட்ச்ச அப்பாதான் பிடிச்சிருந்தாரு, ஒண்ணுமே பேசல, சாயங்காலம் பாத்ரூம் படிக்கு பல்பும் கைப்பிடியும் அவரே வாங்கிட்டு வந்துட்டாரு. நாளைக்கு கண் ஆஸ்பத்திரி, அடுத்த வாரம் டாக்டர். வர்ற வழியில மீனாட்சியம்மனப் பாக்கணும்னு அப்பத்தா ஒத்தக் கால்ல நிக்கிறாங்க, கூட்டிட்டுப் போலாமா?

மேலூர் அக்கா:
கண்ணுக்கு சொட்டு ஊத்துனா கொஞ்ச நேரம் மங்கலாத்தான் தெரியும், அதனால கோயிலுக்கு வேற ஒரு நாள் போங்க, வெயில் ஏறுறதுக்குள்ள, கல்லு சுடும். அவங்க கைய நீங்க பிடிக்காதீங்க, உங்க முழங்கைய அவங்க பிடிச்சுக்கட்டும். நடக்கையில பேச்சு வேணாம், பொற்றாமரைக்குளத்துப் பக்கம் உக்கார வச்சு ஆற அமரப் பேசுங்க.