மின்சாரத்துக்கு மாற்றிய மாருதி 800 சிவன்மலை ஏற்றத்தில் நின்றுவிடுகிறது: கியர்பாக்ஸா, பேட்டரியா?

கொறங்காட்டுக்காரன், காங்கேயம்

வணக்கம். அப்பா வாங்கிய முதல் கார் இந்த மாருதி 800. இன்ஜின் போன பிறகும் அதை இரும்புக்குப் போட மனம் வரவில்லை. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து மின்சாரத்துக்கு மாற்றியிருக்கிறேன்.

பழைய நான்கு கியர் பெட்டி அப்படியே இருக்கிறது. கிளட்ச்சை எடுத்துவிட்டு, 72 வோல்ட் மோட்டாரை நேராகக் கப்ளிங் போட்டு இணைத்தேன். மோட்டாரைக் கியர் பெட்டியோடு பொருத்தும் அடாப்டர் பிளேட் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்தது. பேட்டரிக்கு 105 ஆம்பியர்-மணி இரும்பு பாஸ்பேட் செல்கள் 24, எல்லாம் பழையவை, வரிசையில் கட்டியிருக்கிறேன்.

சமதளத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிவன்மலை ஏற்றத்தில் மட்டும் மூன்றாவது கியரில் போகும்போது மின்சாரம் சட்டென்று அறுந்து வண்டி நின்றுவிடுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் மீண்டும் ஓடுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது பற்கள் கடிக்கும் சத்தம் வருகிறது. ஓடும்போது ஒரு ஊளைச் சத்தமும் இருக்கிறது.

கியர்பாக்ஸ் இறுகியதால் மோட்டார் திணறுகிறது என்கிறார் ஒரு மெக்கானிக். செல்களைக் கண்காணித்துப் பாதுகாக்கும் பிஎம்எஸ் பலகைதான் மின்சாரத்தைத் தேவையில்லாமல் அறுக்கிறது, அதை ஒதுக்கிவிட்டு நேராக இணைத்துவிடு என்கிறார் இன்னொருவர். அப்படி இணைப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

சார்ஜ் போடுவது இரவில், எங்கள் கொப்பரைக் குடோனுக்குள். நல்ல பிளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கிறது.

பெருந்துறை பேட்டரி

தம்பி, முதலில் காரைக் குடோனிலிருந்து வெளியே தள்ளுங்கள். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

கொப்பரையில் பாதிக்கும் மேல் எண்ணெய். கப்பல் சரக்கு விதிகளில் அதைத் தானாகவே சூடேறக்கூடிய பொருள்களோடு சேர்த்திருக்கிறார்கள். அதன் ஐநா எண் 1363. அப்படிப்பட்ட சரக்குக்கு நடுவே, நீங்களே கட்டிய பழைய பேட்டரி பேக்கை யாரும் பார்க்காத நேரத்தில் சார்ஜ் போடுகிறீர்கள். இரும்பு பாஸ்பேட் செல் மற்ற லித்தியம் செல்களைவிட நிதானமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் மிகையாகச் சூடானால் ஹைட்ரஜன் கலந்த எரியும் வாயுவை வெளியே விடும். மூடிய குடோனில் அந்த வாயு தேங்கினால் ஒரு பொறி போதும்.

அடுத்தது பிஎம்எஸ். அதை ஒதுக்க நான் வழி சொல்ல மாட்டேன், வேறு யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பேக்கின் மொத்த வோல்ட் நன்றாக இருக்கும்போதே ஒரே ஒரு செல் 2.5 வோல்டுக்குக் கீழே போனாலும் அது அறுக்கும். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறோம். சமதளத்தில் ஓடி, ஏற்றத்தில் மட்டும் அறுந்து, சாவியை அணைத்துப் போட்டால் உயிர் வருகிறது என்றால், ஏதோ ஒரு செல்லோ ஒரு இணைப்போ சுமையைத் தாங்கவில்லை. பிஎம்எஸ் அதைப் பார்த்துவிட்டது, நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

பிஎம்எஸ் செயலியைக் கைப்பேசியில் திறந்து, ஏற்றத்தில் ஒவ்வொரு செல்லும் எவ்வளவு இறங்குகிறது என்று பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நின்றதும் அகச்சிவப்பு வெப்பமானியால் செல்களை இணைக்கும் பஸ்பார் பட்டைகளின் எல்லா முனைகளையும் அளந்து எழுதுங்கள். பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். ஒவ்வொரு முனையிலும் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும்.

பேக்கைத் தொடுவதற்கு முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள், ஸ்பேனரின் கைப்பிடிக்கு டேப் சுற்றுங்கள். 60 வோல்டுக்கு மேற்பட்ட டிசி ஆளை அடிக்கக்கூடியது. உங்கள் பேக் முழுச் சார்ஜில் 87.6 வோல்ட். ஃபியூஸ் என்ன போட்டிருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

செட்டிபாளையம் பட்டறை

கியர்பாக்ஸுக்கு நான் சொல்கிறேன், தம்பி. எங்கள் ஊர் பந்தயத் தடம் யார் பெயரில் இருக்கிறதோ, அந்தக் கரிவர்தன் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைச் செய்தது இதே மாருதி 800 இன்ஜினை வைத்துத்தான். அந்த இன்ஜினையும் பெட்டியையும் பிரித்துப் பிரித்தே நாங்கள் தொழில் பழகினோம்.

பற்கள் கடிப்பதற்குக் காரணம் நீங்கள் எடுத்துப்போட்ட கிளட்ச். கியர் மாற்றும்போது சிங்க்ரோ வளையம் பெட்டிக்குள் விசை நுழையும் உள்தண்டின் வேகத்தைச் சரிக்கட்டுகிறது. கிளட்ச் இருந்தால் அது இழுக்க வேண்டியது உள்தண்டையும் கிளட்ச் தட்டையும் மட்டுமே. இப்போது மோட்டாரின் ரோட்டார் முழுவதையும் அந்தச் சின்னப் பித்தளை வளையம் இழுக்கிறது. இப்படியே ஓட்டினால் ஒரு வருடத்தில் வளையம் தேய்ந்துவிடும். கிளட்ச்சைத் திரும்பப் போடுங்கள். அதுவரை இரண்டாவது கியரிலேயே ஓட்டுங்கள்.

ஊளைச் சத்தம் லேசாக இருந்தால் பயப்பட வேண்டாம். இன்ஜின் இரைச்சலில் இத்தனை நாள் கேட்காதது இப்போது கேட்கிறது. ஆனால் வேகத்தோடு அதிர்வும் கூடினால் அடாப்டர் பிளேட் மையம் விலகியிருக்கிறது. மைய விலகலை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், 0.1 மில்லிமீட்டர் தாண்டினாலே எனக்குச் சம்மதமில்லை. கியர் எண்ணெயை இறக்கி, அடியில் இரும்புத் தூள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. அந்தப் பெட்டி 59 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் இன்ஜினுக்காகச் செய்தது. மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே முழு விசையையும் கொடுக்கும். மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரில் அதைக் குறைத்து வையுங்கள், முதல் கியரில் கட்டாயமாக.

திருப்பூர் வாசகன்

ஒரு வார்த்தை. ஒப்புதல் இல்லாமல் மாற்றிய இந்த வண்டியைச் சிவன்மலைப் பாதையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு முரணாகிவிடும். மின்சாரத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் ஏஐஎஸ் 123 என்ற வாகனத் தரப்படி சோதித்து ஒப்புதல் பெற்ற கிட்டைப் போட்டு, ஆர்சி புத்தகத்திலும் திருத்த வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம். தோட்டத்துக்குள் ஓட்டிப் பாருங்கள்.

கொறங்காட்டுக்காரன், காங்கேயம்

எல்லோருக்கும் நன்றி. அன்று மாலையே காரைக் கிணற்றடிப் பக்கம் வெற்றுத்தரைக்குத் தள்ளிவிட்டோம். சோதனையை எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டு மேட்டில் வைத்துக்கொண்டேன். மச்சான் கைப்பேசியைப் பார்த்து எழுதினார்.

140 ஆம்பியர் இழுக்கும்போது 23 செல்கள் 3.28இலிருந்து 3.15க்கு இறங்கின. 17ஆவது செல் மட்டும் 2.45க்குப் போனது, உடனே வண்டி நின்றது. மற்ற முனைகள் எல்லாம் 40 டிகிரிக்குள் இருக்க, 17ஆவது செல்லின் ஒரு முனை 78 டிகிரி காட்டியது. இரண்டாவது கியரில் போனாலும் இதேதான். ஃபியூஸ் என்று தனியாக இல்லை, அக்கா. வீட்டுக்குப் போடும் எம்சிபி சுவிட்ச் ஒன்று இருக்கிறது.

பெருந்துறை பேட்டரி

நன்றாக அளந்திருக்கிறீர்கள். இப்போது கணக்கைப் பாருங்கள். மற்ற செல்களைவிட 17ஆவது 0.7 வோல்ட் கூடுதலாக இழக்கிறது. 0.7ஐ 140ஆல் பெருக்கினால் 98 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் நான்கை அந்த ஒரு செல்லின் தலையில் வைத்து அழுத்தியது போன்ற சூடு. பிஎம்எஸ்ஸை ஒதுக்கியிருந்தால் மலை உச்சி வரைக்கும் அந்தச் சூட்டோடு போயிருப்பீர்கள்.

ஒரு முனை மட்டும் சுடுகிறது என்பதால் முதல் சந்தேகம் இணைப்பின்மேல். பிஎம்எஸ்ஸின் வோல்ட் அளக்கும் உணர்கம்பி பஸ்பாரின்மேல் இருந்தால், இணைப்பில் இழக்கும் வோல்டையும் செல்லின் கணக்கில்தான் எழுதும். நட்டைக் கழற்றி, அலுமினிய முகத்தில் படிந்த ஆக்சைடை நைசான எமரித் தாளால் தேய்த்து, செல்லுக்குச் சொன்ன முறுக்கில் டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். கை அளவை நம்பாதீர்கள். கழற்றியதும் அந்தச் செல்லின் தடிமனை வெர்னியரால் அளந்து மற்றதோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது கியரிலும் அறுந்ததில் வியப்பில்லை. கியரைக் குறைத்தால் மோட்டாருக்குள் ஓடும் மின்னோட்டம் குறையும், மோட்டார் சூடாகாது. பேட்டரியிலிருந்து போவதோ வேகத்தையும் ஏற்றத்தையும் பொறுத்தது. 900 கிலோ வண்டி, 100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏறும் பாதை, மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் சக்கரத்துக்கே ஏறக்குறைய 8.4 கிலோவாட் வேண்டும். வழியில் ஆகும் சேதாரத்தையும் சேர்த்தால் உங்கள் 140 ஆம்பியர் வந்துவிடும். 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 95க்குள் அடங்கும்.

அந்த எம்சிபியை இன்றே எடுத்துவிடுங்கள். ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் எழும் பொறி அணைந்துவிடும். டிசியில் பொறி அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். பேக்கின் வோல்டுக்கு ஏற்ற டிசி ஃபியூஸ் ஒன்றை முனைக்கு அருகிலும் இன்னொன்றைப் பேக்கின் நடுவிலும் போடுங்கள்.

கொறங்காட்டுக்காரன், காங்கேயம்

நட்டு கையாலேயே கால் சுற்று சுழன்றது. அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. அக்கா கேட்ட அளவு: மற்ற செல்கள் 36.7 மில்லிமீட்டர், 17ஆவது 41. கண்ணால் பார்த்தபோது இவ்வளவு வீங்கியிருப்பது தெரியவே இல்லை. சுத்தம் செய்து திரும்பப் போடலாமா?

பெருந்துறை பேட்டரி

போடாதீர்கள். அந்தச் செல்லின் காலம் முடிந்துவிட்டது. குத்தவோ அமுக்கவோ வேண்டாம். இரண்டு முனைக்கும் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட இரும்பு வாளியில் வீட்டையும் கட்டுத்தரையையும் விட்டுத் தள்ளி, மழை படாமல் வையுங்கள். பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்தால் அங்கே அதைச் சுத்தியலால் உடைப்பார்கள். பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதுதான் முறை.

மாற்றுச் செல்லை அதே கொள்ளளவில் வாங்கி, 24 செல்லையும் இணையாகக் கட்டி 3.65 வோல்டுக்குச் சமப்படுத்திய பிறகே வரிசையில் போடுங்கள். முதல் நான்கைந்து சார்ஜ் பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. எப்போதாவது புகை வந்தால் அணைக்கப் போகாமல் ஆட்களை விலக்கிவிட்டு 101க்கு அழையுங்கள். பவுடர் அணைப்பான் சுடரை அடக்கும், செல்லின் உள்சூட்டை அடக்காது. அதற்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். அணைந்த பேக் பல மணி நேரம் கழித்தும் திரும்பப் பற்றியிருக்கிறது.

கொறங்காட்டுக்காரன், காங்கேயம்

செல் வாளியில் இருக்கிறது, அக்கா. கொப்பரைக்கு ஐநா எண் இருப்பதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மறுநாளே எலக்ட்ரீஷியனை வரச்சொல்லிக் குடோன் பிளக் பாயிண்டை எடுக்க வைத்துவிட்டார். கிணற்றடியில் புதிதாக ஒன்று போட்டாகிவிட்டது.

செட்டிபாளையம் அண்ணா, கியர் எண்ணெயில் தூள் இல்லை. டயல் கேஜ் 0.18 காட்டுகிறது. பிளேட்டையும், கிளட்ச்சைத் திரும்பப் பொருத்தப் பழைய ஃபிளைவீலையும் உங்களிடம் கொண்டு வரட்டுமா?

செட்டிபாளையம் பட்டறை

கொண்டு வாருங்கள் தம்பி. மோட்டாரையும் சேர்த்து எடுத்து வாருங்கள், தண்டில் பொருத்திவைத்துத்தான் மையம் பார்க்க முடியும். செவ்வாய் தவிர எல்லா நாளும் பட்டறையில் இருப்பேன்.