டிஃபென்ஸ் ஜாப் ஒர்க் பர்ச்சேஸ் ஆர்டர்ல (பிஓ) போர்ச் சட்டம்னு ஒரு பாரா, கையெழுத்து போடலாமுங்களா?

கணபதி_சிஎன்சி:
வணக்கமுங்க. கணபதில சின்ன மெஷின் ஷாப் வெச்சிருக்கோம், இதுவரைக்கும் பம்ப் பார்ட்ஸ், மில்லு ஸ்பேர் தான், இப்ப ஒரு பெரிய கம்பெனி மூலமா ஏரோஸ்பேஸ் வேல வந்திருக்கு, அலுமினியம் பிராக்கெட், சேட்டிலைட் கேமராவ தாங்கறதாமா, டிராயிங்ல அதெல்லாம் ஒன்னும் போடல, 6061 டி6, டாலரன்ஸ் அவ்ளோதான். பிஓ கூடவே சப்ளையர் கோட்னு ஒரு கட்டு, அதுல போர்ச் சட்டத்துக்குக் கட்டுப்படோணும், மீறல் தெரிஞ்சா ரிப்போர்ட் பண்ணோணும்னு இருக்கு. பட்டாளத்துக்கும் லேத்துக்கும் என்ன சம்பந்தமுங்க? ஆடிட்டர் போடுங்க பாத்துக்கலாம்ங்கறார். அம்மாவுக்கு வேற, சண்டை வந்தா நம்ம ஷெட்டு மேல குண்டு போடுவாங்களான்னு வெசனம்.

கோர்ட்_அம்மணி:
போர்ச் சட்டம்னா சண்டைல யாரை, எதை அடிக்கலாம், எது கூடாதுன்னு சொல்ற சர்வதேச விதிங்க. மேல எங்கியோ அமெரிக்க கஸ்டமர் இருக்கலாம். பென்டகன், அதாவது அமெரிக்க பாதுகாப்புத் துறை, 2020ல புதுசா போட்ட 2311.01 உத்தரவுல கான்ட்ராக்டருக்கும் அந்த ரிப்போர்ட் கடமை உண்டு, அது அப்படியே சப்ளையர் சப்ளையரா கீழ எறங்கி கணபதி வரைக்கும் வந்திருக்கலாம். நம்மூர்லயும் 1949 ஜெனீவா ஒப்பந்தங்களுக்குன்னு 1960லயே சட்டம் இருக்கு. அந்த ஒப்பந்தங்களோட 1977 கூடுதல் நெறிமுறைல இந்தியா சேரல, ஆனா அதுல இருக்கற அடிப்படை விதிங்க வழக்காறா, கையெழுத்து போடாதவங்க உட்பட எல்லாரையும் கட்டும்.

அம்மா கேட்டது சரியான கேள்வி. ஆயுதம் செய்யற ஃபேக்டரி ராணுவ இலக்கு ஆகலாம். ஆனா உள்ள வேல செய்யறவங்க சிவிலியன் தான், ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போனவங்களத் தேடிப் போய் அடிக்கக் கூடாது, செஞ்சிலுவைச் சங்கம் 2009ல குடுத்த விளக்கத்துலயும் இப்படித்தான் இருக்கு.

சூலூர்_ரிட்டயர்டு:
பிராக்கெட் செய்யறதோட நின்னா கவலை இல்லீங். படை கூடவே போற சர்வீஸ் இன்ஜினியரும் சிவிலியன் தான், புடிபட்டா போர்க்கைதிக்கான மரியாதை உண்டு, 3ஆம் ஜெனீவா ஒப்பந்தம் 4வது பிரிவு, படை குடுக்கற ஐடி கார்டு கைல இருக்கோணும். அதே ஆளு ட்ரோன் ரிமோட்ட வாங்கி தானே இலக்கு அடிச்சா, அந்த நேரத்துக்கு பாதுகாப்பு போச்சு. கம்பெனிக்காரங்க இங்கதான் அசால்ட்டா இருப்பாங்க, ட்ரெயினிங் குடுக்கப் போன பையன்கிட்ட நீயே ஒரு தடவை ஓட்டிக் காமிப்பாம்பாங்க.

ஸ்பேஸ் இன்னும் சிக்கல். ஒரே சேட்டிலைட் வெள்ளாமையும் பாக்கும், டாங்கியையும் பாக்கும், அதனால அத அடிச்சா சாதா ஜனங்களுக்கும் படும். 2022 பிப்ரவரி 24, உக்ரைன் சண்டை ஆரம்பிச்ச அன்னைக்கே வயாசாட்ங்கற சேட்டிலைட் இன்டர்நெட் நெட்வொர்க்க ஹேக் பண்ணுனாங்க, அடி ஜெர்மனிக்கும் போச்சு, நம்ம பல்லடம் உடுமலைப் பக்கம் சுத்தற மாதிரி கரண்ட் எடுக்கற காத்தாடிங்க 5,800 போலத்துக்கு ரிமோட் கனெக்‌ஷன் அத்துப் போச்சு. இன்னொன்னு, தனியார் விண்வெளில செய்யறதுக்கும் நாடு தான் பொறுப்புன்னு 1967 ஒப்பந்தம் 6வது பிரிவு சொல்லுது, தனியாருக்கு விண்வெளி வேலைக்கு அனுமதி குடுக்கற நம்ம அரசு அமைப்பு இன்ஸ்பேஸோட பர்மிஷன் எல்லாம் அதுக்கோசரம் தான்.

கணபதி_சிஎன்சி:
ரொம்ப நன்றிங்ணா. நாம செஞ்ச பார்ட்ட வெச்சு வேற நாட்டுல அக்கிரமம் பண்ணுனா நாமளும் உள்ள போகோணுமா?

கோர்ட்_அம்மணி:
தெரிஞ்சு குடுத்தியாங்கறது தான் கேள்வி. 1946ல ஹாம்பர்க்ல பிரிட்டிஷ் ராணுவ கோர்ட், நாஜி முகாமுக்கு ஜைக்ளான் பி விஷவாயு சப்ளை பண்ணுன கம்பெனி ஓனரையும் மேனேஜரையும் தூக்குல போட்டுது, அதே கேஸ்ல டெக்னீசியன விட்டுட்டாங்க. பூச்சி மருந்து வித்தோம்னு ஓனர் சொன்னது எடுபடல. உங்க பிராக்கெட் அந்தக் கணக்குல வராது, ஆனா எங்க போகுதுன்னு மெயில்ல கேட்டு பதில வாங்கி வெச்சுக்குங்க.

அரசூர்_ஃபவுண்டரி:
போர்ச் சட்டப் பாராவ விடுங்க, அதுக்கு அடுத்த பக்கத்துல இன்டெம்னிட்டி, அதாவது நஷ்டத்த யாரு கட்டோணுங்கற பாரா இருக்கும், அதத்தான் முழுசாப் படிக்கோணும். எங்களுக்கு வந்ததுல மொத்த நஷ்டமும் சப்ளையர் தலைலன்னு இருந்துச்சு, பிஓ மதிப்புக்கு மேல கட்ட முடியாதுன்னு மாத்தி அனுப்புனோம், முனகிட்டே ஒத்துக்கிட்டாங்க. அப்பறம் டிராயிங்க வாட்ஸப்ல யாருக்கும் தள்ளாதீங்க, ஐட்டம் ஸ்கோமெட், அதாவது ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கற பொருளுங்க லிஸ்ட்ல வந்தா டிராயிங் வெளிநாடு போறதுக்கும் லைசென்ஸ் வேணும். ரிஜெக்ட் பீஸ சுருளோட சேத்து பழைய இரும்புக் கடைக்குப் போடாம பேண்ட்சால குறுக்க அறுத்து, போட்டோ எடுத்து, ரெஜிஸ்டர்ல ஏத்திட்டு அப்பறமா போடுங்க, ஆடிட்டுக்கு வர்றவன் மொதல்ல கேக்கறதே அந்த ரெஜிஸ்டர் தான்.