மும்பைக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெற்றோர்களுக்கு: பிள்ளையின் போனைப் பிடுங்கும் முன்

ஊரிலிருந்து மும்பைக்கு வரும் குடும்பங்கள் வீட்டு டெபாசிட், கேஸ் இணைப்பு, பள்ளி அட்மிஷன், நல்ல இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்றெல்லாம் கேட்கிறீர்கள். மாட்டுங்கா, செம்பூர் செட்டா நகர், முலுண்ட், டோம்பிவிலி என்று எந்தப் பக்கம் வீடு பார்த்தாலும் அதற்கெல்லாம் பதில் சொல்ல நம் ஆட்கள் இருக்கிறார்கள். யாரும் கேட்காத ஒன்றை நான் எழுதுகிறேன்: கூடப் படிக்கும் பிள்ளைகளே போன் வழியாக நம் பிள்ளையைக் கேலி செய்து வதைத்தால் என்ன செய்வது என்று. வீட்டில் பத்து வயதுக்கு மேல் பிள்ளை இருந்தால் கடைசிவரை படித்துவிடுங்கள்.

கரூரிலிருந்து நாங்கள் செம்பூருக்கு வந்தபோது மகள் எட்டாம் வகுப்பு. இரண்டே மாதத்தில் என்னைவிட நன்றாக இந்தி பேசினாள். காய்கறிக்காரர், வாட்ச்மேன், சிலிண்டர் கொண்டுவருபவர் என்று எல்லோரிடமும் எனக்காகப் பேசியது அவள்தான். இந்தியில் நம் பிள்ளைகள் தடுமாறுவது ஆண்பால், பெண்பாலில். தமிழில் 'நான் போகிறேன்' என்று யார் சொன்னாலும் ஒன்றுதான். இந்தியில் பெண் என்றால் 'ஜாத்தி ஹூ' என்று சொல்ல வேண்டும். அவள் வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் 'ஜாத்தா ஹூ' என்று வாய்ஸ் நோட் போட்டுவிட்டாள். நாலே விநாடி. அதை வெட்டிப் பாட்டோடு ஒட்டினார்கள். அவள் முகத்துக்கு மீசை வரைந்து ஸ்டிக்கர் செய்தார்கள். 'பய்யா' (அண்ணன்) என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் அதே படத்தோடு இன்ஸ்டாகிராமில் ஒரு போலிக் கணக்கு வந்தது. அதிலிருந்து மற்ற பிள்ளைகளுக்கு அசிங்கமான செய்திகள் போயின, அவளே அனுப்பியது போல.

இது எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது. கண் முன்னால் அடையாளங்கள் இருந்தன, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. காய்கறிக்காரரிடம் பேசச் சொன்னால் "நீயே பேசும்மா" என்று உள்ளே போய்விடுவாள். பள்ளி வாசலில் நான் தமிழில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். திங்கட்கிழமை என்றால் வயிற்றுவலி. போன் அடித்தால் எடுக்கும் முன் ஒரு கணம் முகம் மாறும். வயசு, புது ஊர், பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அழுதுகொண்டே சொன்னாள். நான் உடனே செய்தது போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டியது. இதைத்தான் நீங்கள் செய்யக்கூடாது என்று சொல்ல வந்தேன். கரூரில் இருக்கும் தோழியோடு தினமும் ராத்திரி பத்து நிமிஷம் பேசுவது அந்தப் போனில்தான். சித்தி பிள்ளைகளின் குழுவும் அதில்தான். ஊரை விட்டு வந்த பிள்ளைக்கு எஞ்சியிருந்த ஆறுதலையும் நானே பிடுங்கிவிட்டேன். 'சொன்னால் போன் போய்விடும்' என்ற பயத்தில்தான் அவள் மூன்று மாதம் சொல்லாமல் இருந்தாள் என்பது பிறகுதான் புரிந்தது. "ஏற்கெனவே நீங்க ரெண்டு பேரும் இந்த ஊர்ல கஷ்டப்படுறீங்க, இதையும் ஏன் சொல்லணும்னு நினைச்சேன்" என்றும் சொன்னாள். அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

அதனால் பிள்ளை வாயைத் திறந்ததும் "சொன்னது நல்லது, போன் உன்கிட்டயே இருக்கட்டும், சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லிவிடுங்கள். 'நீ என்ன பண்ணினே' என்ற கேள்வியை அன்று கேட்கவே கேட்காதீர்கள்.

அடுத்தது ஆதாரம். கோபத்தில் எதையும் அழிக்க வேண்டாம், குழுவிலிருந்து உடனே வெளியேறவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது தேதி, நேரம், அனுப்பியவரின் எண் அல்லது கணக்குப் பெயர் தெரிய வேண்டும். போலிக் கணக்கின் முழு முகவரியைத் தனியாக எழுதி வையுங்கள். பெயரை மாற்றிக்கொண்டு ஓடிவிடுவார்கள். எல்லாம் எடுத்த பிறகு கணக்கைப் புகார் செய்யலாம், பிளாக் செய்யலாம். அடுத்தவர் பெயரில் கணக்கு, மாற்றி வெட்டிய ஆபாசப் படம் போன்றவற்றைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளே சொல்லியிருந்தன. ஆகவே செயலிக்குள்ளேயே 'என்னைப் போல் நடிக்கிறார்கள்' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்துப் புகார் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளையின் அந்தரங்கப் படமோ, ஆபாசமாக மாற்றிய படமோ சுற்றினால் அதை ஆதாரம் என்று சொல்லி மாமாவுக்கும் அத்தைக்கும் அனுப்பாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். உங்களுக்கும் அது பொருந்தும். அந்தப் போனிலேயே வைத்துப் போலீசிடம் காட்டுங்கள். இப்படிப்பட்ட படங்களுக்கு 'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது, அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஒரு மையம் நடத்துவது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

பள்ளிக்குப் போனேன். "குழு பிள்ளைகளே ஆரம்பித்தது, பள்ளி நேரத்தில் நடக்கவில்லை, நாங்கள் என்ன செய்ய முடியும்" என்றார்கள். எனக்கு அரைகுறை இந்தி, தடுமாறும் ஆங்கிலம். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். மறுமுறை பேசப் போகவில்லை, எழுதினேன். தமிழில் எழுதி, அலுவலகத் தோழி ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கி, முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் கேட்டேன். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். மொழி தெரியாதவர்களுக்கு எழுத்துதான் துணை. சிபிஎஸ்இ பள்ளி என்றால், கேலிவதைத் தடுப்புக் குழு அமைக்கச் சொல்லி வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் அனுப்பியிருக்கிறது. "அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்" என்று கேளுங்கள்.

போலீசுக்குப் போவதா? எல்லாவற்றுக்கும் இல்லை. வெறும் கேலிக்கென்று தனிப் பிரிவு கிடையாது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவைப் பலர் இன்னும் சொல்வார்கள், அதை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. ஆனால் அடுத்தவர் பெயரில் கணக்கு திறந்து ஏமாற்றுவது, மிரட்டுவது, அந்தரங்கப் படம் எடுப்பது, பரப்புவது எல்லாம் குற்றம்தான். பாலியல் தொல்லை இருந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம் வரும். அது பெண் பிள்ளைக்கு மட்டுமல்ல, ஆண் பிள்ளைக்கும்தான். அப்படி ஒன்று தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது பள்ளி நிர்வாகத்துக்கே குற்றம். 'நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது, அதற்குத்தான் ஜீரோ எஃப்ஐஆர். வீட்டிலிருந்தே கொடுக்க cybercrime.gov.in என்ற அரசு இணையதளம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். ஆனால் என்ன ஆயிற்று என்று பின்தொடர வேண்டுமானால் பெயரோடு பதிவதே நல்லது. நம்மவர்களுக்கு முக்கியமான ஒன்று: போக்சோ வழக்கில் பிள்ளைக்குப் புரியாத மொழியில் புகார் எழுதப்பட்டால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயே வாங்கலாம், வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது. மராத்தி தெரியாதே என்று தயங்கி நிற்காதீர்கள்.

மாட்டுங்காவில் ஒரு மாமி என்னிடம், "இதெல்லாம் நாங்க பார்க்காததா? அறுபதுகள்ல 'பஜாவோ புங்கி, ஹடாவோ லுங்கி'ன்னு தெருவுல கத்தினாங்களே, தாங்கிண்டோமே" என்றார். லுங்கி கட்டும் தென்னிந்தியர்களை விரட்டுங்கள் என்ற கோஷம் அது. உண்மைதான், அவர்கள் பட்டது பெரிய பாடு. ஆனால் மாமி வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் இரண்டு பக்கமும் தமிழ்க் குடும்பங்கள். எங்கள் கட்டடத்தில் அப்போது நாங்கள் மட்டும்தான் தமிழ். மகளுக்கு ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தலையணைக்கு அடியில் அந்த ஸ்டிக்கர் வந்தது. அதைத் தனியாகத்தான் பார்த்தாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த வாய்ஸ் நோட்டை முதலில் வெட்டியவன் ஒரு தமிழ்ப் பையன். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், தன்னையும் 'மதராசி' என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் அவனுக்கு. அவன் அம்மாவிடம் தமிழில் பேசினேன். அவர் அழுதார். அவனை அடிக்கப் போனார், தடுத்தேன். அடித்தால் அடுத்த முறை மறைவாகச் செய்வான், அவ்வளவுதான். அவனே குழுவில் "நான்தான் செய்தேன், அழித்துவிடுங்கள்" என்று எழுதினான். எங்கள் வீட்டுக்கு வந்து என் மகளிடம் பேசினான். உங்கள் பிள்ளைதான் செய்தது என்று தெரிந்தால் இந்த இரண்டையும் செய்ய வையுங்கள்.

இனி உங்களைப் பற்றி. இது நடக்கும்போது வீடு இரண்டாகும். 'நீதான் மும்பை மும்பை என்று குதித்தாய்' என்று ஒருவர், 'நீ வீட்டில் இருந்து என்ன கவனித்தாய்' என்று இன்னொருவர். ஊரிலிருந்து பாட்டி "பெட்டியைக் கட்டிண்டு வந்துடுங்கோ" என்பார். ஊருக்குத் திரும்புவதா என்ற முடிவை அந்த மாதம் எடுக்காதீர்கள். தன்னால்தான் எல்லோரும் திரும்புகிறோம் என்று பிள்ளை சுமந்துகொள்ளும். சொந்தக்காரர்களில் யாரிடம் சொல்லலாம் என்று பிள்ளையையே கேளுங்கள். என் மகள் ஒரே ஒரு சித்தியைச் சொன்னாள். அவரிடம் மட்டும் சொன்னோம்.

பேச ஆள் வேண்டும் என்றால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், தமிழிலும் பேசலாம். பிள்ளை மட்டுமல்ல, நீங்களும் கூப்பிடலாம். நான் கூப்பிட்டேன். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தியோனாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஐகால் என்ற மனநல ஆலோசனைச் சேவையும் உண்டு. நேரில் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால் பரேல் கேஇஎம், சயான் இரண்டு மாநகராட்சி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் கேஸ் பேப்பர் (நம் ஊர் ஓபி சீட்டு) எடுங்கள்.

'எனக்கு இருக்கவே பிடிக்கல' என்பது போல் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும் அதை மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். அன்று வேலைக்குப் போக வேண்டாம். தனியாக விடாதீர்கள், பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன எண்ணைக் கூப்பிடுங்கள். உடனடி ஆபத்து என்றால் 112.

மகள் இப்போது பத்தாம் வகுப்பு. மராத்தியும் நன்றாக வருகிறது. இந்தியில் 'ஜாத்தா', 'ஜாத்தி' இன்னும் சில சமயம் மாறும். போன வாரம் கீழ்வீட்டுக்குத் தஞ்சாவூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டு ஆறாம் வகுப்புப் பையனைக் கூட்டிக்கொண்டு காய்கறிக்காரரிடம் போனாள். போகும் வழியில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தி இல்லை, ஸ்கிரீன்ஷாட் எப்படி எடுப்பது என்று.